நாலாவதாக வரவேண்டிய குதிரை

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் பெருமூச்சு விடுவார்கள். நானும் கூடவே ஒன்று விட்டு வைப்பேன். அரிசி இல்லை, துணி இல்லை, மருந்து இல்லை. அவன் காட்டுக்குள் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரி லாரியாக ஆள் போனது. போனவர்களில் என் சித்தப்பா மகன் திரும்பி வரவே இல்லை. எல்லாம் உண்மை. ஆனால் மனசாட்சியோடு சொல்லவேண்டுமென்றால், மலாய் நாட்டில் நாங்கள் இருந்த காஜா பேராங்கில் அந்த வருடங்களில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் இந்த வயசில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

காரணம் சின்னது. ஜப்பான் சண்டை வந்ததால்தான் என் புருஷன் வீட்டுக்கு வந்தார்.

அவர் குதிரைக்காரர். ஊருக்கு வெளியே பங்களாவில் இருந்த ஒரு ரப்பர் கம்பெனித் துரைக்கு ரேஸ் பைத்தியம். அவர் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வரவழைத்த ஒரு செம்பழுப்புப் பெண் குதிரையை, அது வந்து இறங்கிய நாளிலிருந்து பார்த்துக்கொண்டவர் என் வீட்டுக்காரர். தீனி வைப்பது, தேய்ப்பது, விடியற்காலையில் ஏறி நடை பழக்குவது, ரயிலில் ஏற்றி ரேஸ் நடக்கும் ஊர்களுக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவர். படுக்கையும் லாயத்திலேயே. கல்யாணம் ஆன பிறகும் வாரத்துக்கு ஒரு நாள்தான் காஜா பேராங் வீட்டுக்கு வருவார். வந்தாலும் அவர்மேல் குதிரை வாடைதான் அடிக்கும்.

என்னைப் பெண் பார்க்க எங்கள் எஸ்டேட்டுக்கு வந்தவர்கள் மாப்பிள்ளையின் படம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ரேஸில் ஜெயித்த அன்றைக்கு எடுத்த படம். துரை நிற்கிறார், தொப்பி போட்ட துரைசானி நிற்கிறாள், ஜாக்கி சிரிக்கிறான், நடுவில் குதிரை. மாப்பிள்ளை எங்கே என்று என் அம்மா கேட்டாள். குதிரைக்கு அந்தப் பக்கம் நின்று கடிவாளத்தைப் பிடித்திருக்கிறாராம். உற்றுப் பார்த்தால் படத்தில் குதிரைக்கு ஆறு கால். ஐந்தாவதும் ஆறாவதும்தான் மாப்பிள்ளை. நான் முழங்காலுக்குக் கீழே பார்த்துக் கல்யாணத்துக்குச் சம்மதித்தவள்.

அந்தக் குதிரைக்கு ஆங்கிலத்தில் ஒரு நீளமான ரேஸ் பெயர் உண்டு. எனக்கு வாயில் நுழையாது. இவர் அதைப் பாப்பா என்று கூப்பிடுவார். என்னை 'இந்தா' என்று கூப்பிடுவார். இதிலிருந்தே வீட்டு நிலவரம் விளங்கும்.

அதன் ரேஸ் கதை எனக்கு மனப்பாடம். சோறு போட்டுக் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். முதல் ரேஸில் அது கடைசி. திடலில் பேண்டு வாசித்தார்களாம்; பாதி வழியில் நின்று காதை நிமிர்த்திப் பாட்டுக் கேட்டதாம். இரண்டாவது ரேஸுக்கு ஈப்போ போனபோது அயலூர் லாயத்தில் இரண்டு நாள் ஒரு வாய் தீனி தொடவில்லை. அதிலும் கடைசி. துரை விற்றுவிடலாம் என்று சொல்லிவிட்டார். இவர்தான் கெஞ்சிக் கூத்தாடி ஒரு தவணை வாங்கினார். குதிரைக்குத் தனியாக இருக்கப் பயம் என்று இவருக்குத் தோன்றியதாம். பசாரில் ஒரு வெள்ளாட்டை வாங்கி லாயத்தில் கூடவே கட்டினார். அன்றிலிருந்து குதிரை வயிறு நிறையத் தின்றது. அடுத்த மூன்று ரேஸும் வரிசையாக ஜெயித்தது. அப்புறம் குதிரை எந்த ஊருக்குப் போனாலும் வெள்ளாடும் ரயிலேறிப் போகும். துரை தன் சிநேகிதர்களிடம் இதைத் தன் யோசனை என்று சொல்லிக்கொண்டாராம். அதைச் சொல்லும்போது மட்டும் இவர் குரல் கொஞ்சம் மாறும்.

பெரிய கோப்பை ரேஸ் ஒன்று சிங்கப்பூரில். அதில் மூக்கு அளவு தூரத்தில் தோற்றுப் போனது. ஜாக்கி அவசரப்பட்டுச் சவுக்கை எடுத்தானாம். பாப்பாவுக்கு அடி ஆகாது, முன்னால் ஒரு குதிரை ஓடினாலே அதற்குப் பொறுக்காது, தானே ஓடும், அதை அடித்தால் ரோஷம் வந்து நின்றுவிடும் என்று அத்தனை தடவை சொல்லியும் அந்தக் கழுதைக்கு ஏறவில்லை என்பார். ஜாக்கியைத்தான் சொல்வார். குதிரையை ஒரு நாளும் கழுதை என்று சொன்னதில்லை. காலில் ஒரு வீக்கம் வந்து, அது ஆறி, மறுபடி ஓடி, இன்னும் இரண்டு ரேஸ் ஜெயித்தது. கடைசி ரேஸில் இரண்டாவதாக வந்தது. அதற்குள் சண்டை வந்துவிட்டது.

துரை மூட்டை கட்டிக்கொண்டு காரில் ஏறும் அன்று இவரைக் கூப்பிட்டு ஒரு கைத்துப்பாக்கியைக் கொடுத்தார். ஜப்பான்காரன் கையில் குதிரை சிக்கக்கூடாது, உன் கையால் முடித்துவிடு என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். இவர் சரி ஐயா என்றார். துரை போனதும் துப்பாக்கியைக் கிணற்றில் போட்டுவிட்டுக் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்தே காஜா பேராங் வந்துவிட்டார். வாசலில் வந்து நின்று, "இந்தா, இனிமே இது இங்கதான் இருக்கும்," என்றார். தான் இருக்கப்போவதாகச் சொல்லவில்லை. அதை நானே புரிந்துகொண்டேன்.

வீட்டுக்குப் பின்னால் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட விறகுக் கொட்டகையை லாயமாக்கினோம். வெள்ளாடு வழியிலேயே யாருடைய குழம்பிலோ போய்ச் சேர்ந்துவிட்டது. பழைய துணை இல்லாமல் குதிரை இரண்டு நாள் பட்டினி கிடந்தது. மூன்றாம் நாள் என் சாம்பல் நிறக் கோழி அதன் முதுகில் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்தேன். குதிரை புல் தின்றுகொண்டிருந்தது. அதோடு அந்தக் கோழியை அறுக்கும் எண்ணத்தை நான் விட்டுவிட வேண்டியதாயிற்று.

தின்னக் கொடுக்க வழி வேண்டுமே. இவர் ஒரு பழைய வண்டியைச் சரி பண்ணி அதில் பாப்பாவைப் பூட்டினார். ரேஸ் குதிரை வண்டி இழுக்குமா? முதல் வாரம் வண்டியை உதைத்தது, பக்கவாட்டில் நடந்தது, ஒரு தடவை எங்களைக் காலி வண்டியோடு சாக்கடைக்குள் இறக்கியது. இவர் கீழே இறங்கி அதன் காதில் என்னவோ பேசுவார். பக்கத்து வீட்டுச் செட்டி அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவர்கள் மலாயில் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்வாள். பல தலைமுறைக்கு முன்னாலேயே இங்கே வந்து மலாய்ப் பேச்சுக்கு மாறிப்போன செட்டிகள் அவர்கள்; அக்கா எங்கள் சாமியைத்தான் கும்பிடுவாள், தமிழில் நாலு வார்த்தைதான் தெரியும். அந்த நாலில் ஒன்று 'பைத்தியம்'. எங்களைப் பார்த்தால் அதைச் சரியாகச் சொல்லிவிடுவாள்.

ஒரு மாதத்தில் குதிரை படிந்தது. ஆயர் குரோ பக்கம் காடு திருத்தி நட்டிருந்தவர்களிடமிருந்து மரவள்ளிக்கிழங்கு, கடலோரக் கிளேபாங்கிலிருந்து தேங்காய் என்று சந்தைக்கு ஏற்றிவந்தோம். இவர் ஓட்டுவார், பல நாள் நானும் கூடப் போவேன். வழியில் சந்திக்குச் சந்தி ஜப்பான் சிப்பாய் நிற்பான். இறங்கி இடுப்பு வளைத்துக் கும்பிட வேண்டும். கும்பிட்டுவிட்டு ஏறிக்கொள்வோம். தேங்காய்க்குக் கூலியாக உடைந்த தேங்காய் கிடைக்கும், கிழங்குக்குக் கிழங்கு கிடைக்கும். பக்கத்தில் புருஷன், முன்னால் குதிரையின் வால், கடல் காற்று. எனக்கு வேறென்ன வேண்டும்.

இவருடைய வீம்புதான் கெடுத்தது. கிளேபாங்கில் கடல் வற்றிக் கிடக்கும் நேரத்தில் வண்டியை அவிழ்த்துவிட்டு, சேணம் இல்லாமல் பாப்பாவின் முதுகில் ஏறி மணலில் ஒரு ஓட்டம் விடுவார். கால் நரம்பு இறுகாமல் இருக்கத்தான் என்பார். காலுக்கு நல்லதோ என்னவோ, ஆளுக்கு முகம் மலர்ந்து கிடக்கும். நான் கரையில் தேங்காய்களுக்குக் காவல். ஒரு நாள் கடற்கரை பங்களாவிலிருந்து ஒரு ஜப்பான் ஆபீசர், பூட்ஸ் காலோடு மணலில் இறங்கி வந்தார். கூட மொழிபெயர்க்க ஒரு குமாஸ்தா. ஆபீசர் குதிரையின் நாலு காலையும் தடவிப் பார்த்தார். என்ன குதிரை என்று கேட்டார். வண்டிக் குதிரை என்றார் இவர். ஆபீசர் சிரித்தார். குமாஸ்தா தலையைக் குனிந்தபடி சொன்னான், "இந்த மாதிரி நல்ல குதிரை, நல்ல ஆள் எல்லாம் பட்டாளத்துக்கு வேணும்னு சொல்றாரு."

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. கடலோரத் திடலில் ஒரு விழா, அதில் குதிரை ரேஸ். ஊரில் இருக்கும் குதிரை எல்லாம் வரவேண்டும், வராவிட்டால் குதிரையைப் பறிமுதல் செய்வார்கள். ஜெயித்தவனுக்கு அரை மூட்டை அரிசி. முதல் மூன்று குதிரைகளைப் பட்டாளம் எடுத்துக்கொள்ளும். எடுத்தால் எங்கே போகும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை; வடக்கே போனது எதுவும் திரும்பியதில்லை. இவரும் கூடவே போவார். கட்டாயப்படுத்திக் கூட்டிப்போக வேண்டியதில்லை. பாப்பாவை ரயிலில் ஏற்றினால் இவர் தானாகவே பின்னால் ஏறிவிடுவார். என் பயம் அதுதான்.

இவர் அலட்டிக்கொள்ளவில்லை. நாலாவதாக வந்துவிடுகிறேன் என்றார். கடைசியாக வந்தால் ஆபீசருக்குச் சந்தேகம் வரும், அவர் ஓட்டத்தைக் கண்ணால் பார்த்தவர். நாலாவது என்றால் ஓடிப்பார்த்தது, முடியவில்லை என்று விட்டுவிடுவார்கள். நானே ஏறுகிறேன், நானே இழுத்துப் பிடிக்கிறேன் என்றார்.

எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த மனுஷன் என்னோடு தாயம் ஆடினால்கூடத் தோற்கமாட்டார். தோற்கிற மாதிரி இருந்தால் சோழியைத் தட்டிவிட்டு எழுந்துபோவார். குதிரையோ முன்னால் இன்னொன்று ஓடினாலே பொறுக்காத குதிரை. இரண்டு பேரும் சேர்ந்து தோற்பார்களாம். யாரிடம் சொல்கிறார் கதை.

ரேஸ் நாள் விடிந்ததும் என் சந்தேகம் இன்னும் பலமாயிற்று. பாப்பாவைத் தேய்தேய் என்று தேய்க்கிறார். உடம்பு பளபளக்கிறது. குளம்புக்குத் தேங்காய் எண்ணெய். பிடரி மயிரைச் சீவிப் பின்னுகிறார். எனக்கு ஒரு நாள் பின்னிவிட்டதில்லை. தீனித் தொட்டியைக் கவிழ்த்து வைத்தார். கீழே கிடக்கிற வைக்கோலைக்கூடத் தின்னக்கூடாதென்று குதிரைக்கு வாய்க்கூடு கட்டினார். ஏன் பட்டினி போடுகிறீர்கள் என்று கேட்டேன். ரேஸுக்குப் போகிற குதிரைக்குத் தீனி வைப்பதில்லை என்றார். தோற்கப்போகிற குதிரைக்குமா என்று கேட்டேன். என்னை ஏதோ புத்தி கெட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, யாரிடமோ சேணம் இரவல் வாங்கப் போய்விட்டார்.

எனக்கு நிச்சயமாகிவிட்டது. இவர் ஜெயிக்கத்தான் போகிறார். அவருக்கே தெரியாமல் அவர் கை ஜெயிக்கத் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறது.

எங்கள் எஸ்டேட்டில் வேலைக்குப் போகிற மாட்டை வெறும் வயிற்றோடு அனுப்பமாட்டார்கள். பட்டினி போடுவது பாவம் என்பது ஒரு பக்கம். வயிறு நிறைந்தால் ஓட முடியாது என்பது இன்னொரு பக்கம். காலையில் மரவள்ளியைத் தின்றுவிட்டுக் கிணற்றடி வரைக்கும் நடக்கவே எனக்கு மூச்சு வாங்கும். நான் வாய்க்கூட்டை அவிழ்த்தேன். ஓர் அண்டா வேகவைத்த மரவள்ளி, அதன்மேல் ஊறவைத்த புண்ணாக்கு. பசித்த குதிரை, தலையை எடுக்காமல் தின்றது. அப்புறம் தண்ணீர், ஒரு வாளி, இன்னொரு வாளி. வாயைத் துடைத்து மறுபடி வாய்க்கூட்டைக் கட்டினேன். வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் விரலை வைத்துக் காட்டினேன். அவளுக்குத் தெரிந்த அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திடலில் நல்ல கூட்டம். ஜப்பான்காரன் கடிகாரத்தை முன்னால் தள்ளிவைத்த நேரத்துக்கு மத்தியானம் தாண்டியிருந்தது, நம் சூரியனுக்கு இன்னும் காலை வெயில்தான். எட்டுக் குதிரைகள். வாடகை வண்டி மட்டக்குதிரைகள் நாலு, சீனர்களின் சவ வண்டி இழுக்கும் வெள்ளைக் குதிரை ஒன்று, இளம் குதிரைகள் இரண்டு, பாப்பா. நானும் அக்காவும் வளைவுக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் நின்றோம். திடலை இரண்டு சுற்று ஓட வேண்டும். சிப்பாய் கொடியை இறக்கினான்.

முதல் சுற்றில் பாப்பா நாலாவது. என் கிழங்கு வேலை செய்கிறது என்று எனக்கு உள்ளூர ஒரே நிம்மதி. அக்காவின் கையைக் கிள்ளினேன். பிள்ளையாரைக்கூட மனசில் கூப்பிட்டு நன்றி சொல்லிவிட்டேன். இரண்டாவது சுற்றிலும் நாலாவது. இன்னும் ஒரே ஒரு வளைவுதான் பாக்கி. எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள், வெற்றிலை குதப்பிக்கொண்டு, யாரிடமோ சத்தமாகச் சொன்னான், இது மரவள்ளி வண்டிக் குதிரை, கிழடு, இதைப்போய் சீவிச் சிங்காரித்துக் கூட்டிவந்திருக்கிறான் பார் என்று. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்குச் சுருக்கென்று வந்தது கோபம். இந்த ஆளுக்கு என்ன தெரியும்? ஈப்போ தெரியுமா, சிங்கப்பூர் தெரியுமா? இவன் பிறந்த ஊரில் எவனாவது மூக்கு அளவில் கோப்பையைத் தவறவிட்டிருக்கிறானா? அப்போதுதான் குதிரைகள் வளைவுக்கு வந்தன. பாப்பா எனக்கு நேர் எதிரே வந்தது. கழுத்து ஒரு பக்கமாக மடங்கி, கடிவாளம் இழுத்த இழுப்பில் வாய் பிளந்து, கண்ணில் வெள்ளை தெரிய, முன்னால் போகிற குதிரைகளைப் பார்த்துக்கொண்டே ஓடியது. அதன் கஷ்டத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"ஓடு பாப்பா!" என்று கத்தினேன். "ஓடு!"

அதுவரைக்கும் நான் அது ரேஸ் ஓடிப் பார்த்ததே இல்லை. கதைதான் கேட்டிருந்தேன். அந்தக் கதைகளில் இவர் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். உடம்பு தாழ்ந்தது, கழுத்து நீண்டது, மற்ற குதிரைகள் எல்லாம் நின்றுவிட்டதுபோல இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. முடிவுக் கயிற்றைத் தாண்டும்போது பின்னால் இரண்டு குதிரை நீளத்துக்கு யாரும் இல்லை. நான் அக்காவைக் கட்டிக்கொண்டு குதித்தேன். வெற்றிலை குதப்பினவனை ஒரு பார்வை பார்த்தேன். அப்புறம்தான் என்ன நடந்தது என்பது மண்டையில் ஏறியது. மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆபீசர் கைதட்டிக்கொண்டு வந்தார். கூடவே கண்ணாடி போட்ட ஒரு குதிரை டாக்டர். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு நானும் போனேன். பாப்பா காலை அகட்டி நின்றுகொண்டிருந்தது. வயிறு மத்தளம் மாதிரி விறைத்திருந்தது. மூச்சு கொல்லன் துருத்திபோல இரைந்தது. டாக்டர் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். விலாவில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். வயிற்றைத் தட்டினார். ஆபீசரிடம் நாலு வார்த்தை சொன்னார். ஆபீசரின் முகம் விழுந்துவிட்டது. குமாஸ்தா இவரிடம் வந்து, வயசான குதிரை, நுரையீரல் கெட்டுப்போச்சு, ஒரு மாசம் தாங்காது, பட்டாளத்துக்கு வேண்டாமாம் என்று சொன்னான். அரிசியை மட்டும் கொடுத்தார்கள். அடுத்தடுத்து வந்த இளம் குதிரைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒன்றின் சொந்தக்காரரான சீனக் கிழவர் வெறும் கயிற்றைச் சுருட்டியபடி நின்றார். அவர் முகத்தை நான் பார்க்காமலிருந்திருக்கலாம்.

எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. குதிரை தப்பித்தது, புருஷன் தப்பித்தார், அரிசி வேறு. சிரித்துக்கொண்டே இவரிடம் போனேன். இவர் சிரிக்கவில்லை. கடிவாளத்தைக் கழற்றி என் முகத்துக்கு நேரே பிடித்தார். இரும்பில் மரவள்ளி நார் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு வச்சே?"

சொன்னேன். அண்டா, புண்ணாக்கு, இரண்டு வாளி தண்ணீர், எல்லாம் சொன்னேன். இவர் அதன் வயிற்றில் காதை வைத்தார். உள்ளே குடல் ஓடுகிற சத்தமே இல்லை என்றார்.

"ரேஸுக்கு முன்னால தீனி வைக்காதது ஜெயிக்கிறதுக்கு இல்ல. சாகாம இருக்கிறதுக்கு."

திட்டவில்லை, அடிக்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். நின்றால் படுக்கும், படுத்தால் புரளும், புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும், அவ்வளவுதான், சாணி போடுகிற வரைக்கும் நடத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அக்கா அரிசி மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஜாலான் துக்காங் எமாஸ் தெரு வழியாக நடந்தோம். பிள்ளையார் கோயிலைக் கடக்கும்போது நிற்காமலே கும்பிட்டு நூற்றெட்டுத் தேங்காய் என்று வேண்டிக்கொண்டேன். காலையில் கிழங்கு வேலை செய்ததற்கு நன்றி சொல்லிவிட்டு இப்போது அதற்கு நேர்மாறாகக் கேட்கிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது. நாலு கடை தள்ளி மசூதி. அங்கேயும் கையை ஏந்தினேன். ஆபத்தில் அதையெல்லாம் பார்த்தால் முடியுமா? பாப்பா அடிக்கடி திரும்பித் தன் வயிற்றைத்தானே பார்த்தது. முன்னங்காலை மடிக்கப் பார்க்கும், நான் தோளைக் கொடுத்து முட்டுவேன். அத்தனை நாளும் அதைச் சக்களத்தி என்றே நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அதன் வியர்வையில் என் சேலையெல்லாம் நனைந்துபோக, நீ பிழைத்துக்கொள், இனிமேல் உன்னை ஒன்றும் சொல்லமாட்டேன் என்று அழுதுகொண்டே நடந்தேன்.

காஜா பேராங் வந்தும் வீட்டுக்குள் போகவில்லை. சாலையில் மேலும் கீழும் நடத்தினோம். சந்தியில் சிப்பாய் நின்றான். போகும்போது ஒரு கும்பிடு, வரும்போது ஒரு கும்பிடு. எத்தனை தடவை கும்பிட்டோமோ, அவனுக்கே அலுத்துவிட்டது. வெயில் சாய்ந்தது. என் காலில் உணர்ச்சியே இல்லை.

கடைசியாக ஒரு தடவை இரண்டு பேரும் சிப்பாய்க்கு முன்னால் இடுப்பை வளைத்துக் குனிந்திருந்தோம். அப்போது பாப்பா வாலைத் தூக்கியது. அந்தச் சத்தத்தைவிட இனிமையான சத்தத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை. சிப்பாயின் பூட்ஸுக்கு ஒரு முழம் தள்ளிக் கூடை கூடையாகப் போட்டது. அவன் கத்தினான். மூக்கைப் பிடித்துக்கொண்டு எடு எடு என்று சைகை காட்டினான். நாங்கள் நிமிர்ந்து அவனை இன்னொரு தடவை கும்பிட்டோம். ஜப்பான்காரனை நான் மனசாரக் கும்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

அள்ளக் கையைத் தவிர வேறொன்றும் இல்லை. நான் குனிந்து அள்ளி முந்தானையில் போட்டேன். இவரும் குனிந்தார், ஒரு பிடி எடுத்ததும் கையை உதறிக்கொண்டார். என்ன என்று பார்த்தேன். இரண்டு உள்ளங்கையிலும் குறுக்கே தோல் உரிந்து, லகான் அறுத்த இடம் சிவப்பாகக் கிடந்தது. ஜெயிக்க வேண்டும் என்று ஏறினவன் கை அப்படி ஆகாது. நான் அவர் கையையே பார்த்தேன்.

"பிடிச்சிக்கிட்டுதான் இருந்தேன்," என்றார். "ஒன்றே முக்கால் சுற்று பிடிச்சேன். பல்லைக் கடிச்சிக்கிட்டு நாலாவதா வச்சிருந்தேன். வளைவுல நீ ஓடுன்னு கத்தினே. எனக்குக் கேட்டுச்சு. விட்டுட்டேன்."

இந்த மனுஷனை நம்பாமல் குதிரையைக் கொல்லப் பார்த்தேன். நம்பாத நானேதான் கத்தியும் கெடுத்திருக்கிறேன். பாப்பா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தலையைத் தொங்கப் போட்டு நின்றது. அதன் வயிற்றுக்குள் இப்போது குடுகுடுவென்று சத்தம் கேட்டது.

"நான் கத்தாம இருந்திருந்தா?" என்று கேட்டேன்.

இவர் லகானைப் புண்ணில்லாத விரல்களில் மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"நாலாவதா வந்திருப்போம்," என்றார். "வீட்டுக்கு வந்து, பாப்பாவைத் தோக்க வச்சிட்டோமேன்னு ரெண்டு பேரும் அழுதிருப்போம்."

நான் இல்லை என்று சொல்லவில்லை.